கணக்குக் காட்டுவதும் மரபே

ஊர்நலத் தொண்டர் குழுக்கள் ஏரியைத் தூர்வாருகின்றன, தெருவிளக்கு நடுகின்றன, ஆண்டுக்கொரு மரபு விழாவும் எடுக்கின்றன. நன்று. ஆனால் அம்மேடைகளில் முழங்கும் உத்திரமேரூர்க் குடவோலைப் பெருமையில் பாதியே நம் காதில் விழுகிறது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தை மட்டுமா சொல்கின்றன? வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் குடவோலைக்கே தகுதியற்றோராய் விலக்குகின்றன. நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அச்சபை என்பதையும் அவையே உரைக்கின்றன.

அந்த வேலியை விட்டொழிப்போம், கணக்கை மீட்போம். நன்கொடை எவ்வளவு, அள்ளிய வண்டல் யார் நிலத்திற்குப் போயிற்று என்று ஊர் கூடிய இடத்தில் படிக்கட்டும். அன்று வெளியே நிறுத்தப்பட்டோரின் வழிவந்தவர்களும் பெண்களும் எழுந்து கேட்கட்டும். தொண்டு என்பதால் கேள்விக்கு விலக்கில்லை. விடை சொல்ல அஞ்சுவோர்க்குக் குடவோலையின் பெயரை உச்சரிக்க என்ன உரிமை?