ஒரே மாடல், ஒரே நாள் டெலிவரி... ஆனா மைலேஜ் மட்டும் ஏன் வேற?

எங்க சித்திக்கு ரெண்டு பசங்க. ஆறு வருஷத்துக்கு முன்னால, ஒரே நாள்ல, ஒரே ஷோரூம்ல, ஒரே கலர்ல ஆளுக்கொரு 100 சிசி பைக் எடுத்தாங்க. ரெண்டு வண்டிக்கும் சேர்த்து ஒரே தேங்காய்தான் உடைச்சாங்க.

பெரியவன் வண்டி லிட்டருக்கு 62 கிலோமீட்டர் கொடுத்தது. சின்னவன் வண்டி 51-ஐத் தாண்டவே இல்லை. அவன் உணவு டெலிவரி வேலை பார்ப்பவன். ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓட்டுவான். இந்த 11 கிலோமீட்டர் வித்தியாசம் அவன் பாக்கெட்டிலிருந்து தினமும் சுமார் 0.4 லிட்டர் பெட்ரோலை எடுத்துக்கொண்டே இருந்தது.

"அது பிறவியிலேயே அப்படித்தான்டா. ரெண்டு புள்ளைங்களும் ஒண்ணாவா இருக்கீங்க?" என்பது சித்தியின் தீர்ப்பு.

சித்தி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தெரியாமல் போனதால்தான், போன மாதம் சின்னவன் பைபாஸில் விழப் பார்த்தான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் பாதி உண்மையைப் பார்த்துவிடலாம்.

வளையல் கடைக் கணக்கு

வளையல் கடையில் 2.4, 2.6, 2.8 என்று சைஸ் கேட்டு வாங்குகிறோம். ஒரே 2.6-ல் ஒரு டஜன் வாங்கினாலும், ஒன்று வழுக்கிக்கொண்டு ஏறும். இன்னொன்றுக்கு சோப்பு போட வேண்டியிருக்கும். எல்லாமே 2.6தான். ஆனால், 'மிகச் சரியாக 2.6' என்று ஒரு வளையலும் உலகத்தில் இல்லை.

இரும்பும் அலுமினியமும் அப்படித்தான். 50 மி.மீ. துளை போடச் சொன்னால் எந்த மெஷினும் மிகச் சரியாக 50.000 போடாது. ஒரு துளை 50.005 வரும், அடுத்தது 50.012 வரும். அதனால் வரைபடத்திலேயே 'இதிலிருந்து இதற்குள் இருந்தால் பாஸ்' என்று ஓர் எல்லை கொடுத்துவிடுவார்கள். அதுதான் டாலரன்ஸ். தப்பு செய்ய விட்ட சலுகை என்று இதை நினைக்க வேண்டாம். எவ்வளவு வரை தப்பினால் வண்டி தாங்கும் என்று யோசித்துப் போட்ட கோடு இது.

இந்தக் கோடு எவ்வளவு முக்கியம் என்று உலகத்துக்குக் காட்டிய ஒரு சம்பவம் 1908-ல் இங்கிலாந்தில் நடந்தது. ப்ரூக்லண்ட்ஸ் மைதானத்தில் மூன்று காடிலாக் கார்களை நட்டு போல்ட் வரை பிரித்து, பாகங்களை ஒன்றாகக் கலந்து கொட்டினார்கள். சில பாகங்களை எடுத்துவிட்டு, ஸ்டாக்கில் இருந்த வேறு பாகங்களையும் சேர்த்தார்கள். பிறகு அந்தக் குவியலிலிருந்தே மூன்று கார்களைப் பூட்டி, 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அந்தக் காலத்தில் பாகத்துக்குப் பாகம் அரம் போட்டு ராவித்தான் பொருத்துவார்கள். 'ராவாமல் பொருந்தும்' என்பதே அப்போது பெரிய செய்தி.

இன்று நீங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "இந்த மாடலுக்கு ஒரு ரிங் செட் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கி வர முடிகிறதென்றால், அதற்குக் காரணம் இந்த டாலரன்ஸ்தான்.

கம்ப்ரஷன் என்றால்..?

இன்ஜின் உள்ளே இழுக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவையை பிஸ்டன் மேலே வந்து அமுக்குகிறது. எவ்வளவு அமுக்குகிறதோ அதுதான் கம்ப்ரஷன் ரேஷியோ.

எல்லோருக்கும் தெரிந்த வண்டியை வைத்தே கணக்குப் போடலாம். (சித்தி பசங்க வைத்திருப்பது வேறு வண்டி.) 1994-ல் வந்த ஸ்பிளெண்டரின் இன்ஜினுக்கு போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 50 மி.மீ. பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 49.5 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 97.2 சிசி. ரேஷியோ 9 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மிச்சமிருக்கும் இடம் 12.15 சிசி. ரெண்டரை டீஸ்பூன்கூட இல்லை.

அந்தச் சின்ன இடத்தின் அளவை யார் முடிவு செய்கிறார்கள்? பிளாக்கின் உயரம், கனெக்டிங் ராடின் நீளம், பிஸ்டனின் உயரம், கிராங்க் சுழலும் ஆரம் என ஒரு கூட்டணியே இருக்கிறது. இந்த நான்கும் ஆளுக்கு 0.05 மி.மீ. பிசகுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான அளவு இது. ஒன்றின் கூடுதல் இன்னொன்றின் குறைச்சலோடு கழிந்துபோவதுதான் வழக்கம். அபூர்வமாக நான்கும் ஒரே பக்கம் சாய்ந்தால் 0.2 மி.மீ. ஆகிவிடும்.

அப்படி பிஸ்டன் 0.2 மி.மீ. கீழேயே நின்றுவிட்டால் ரேஷியோ 9 என்பது 8.75 ஆகும். 0.2 மி.மீ. மேலே ஏறினால் 9.27. ஒரே மாடல், ஒரே நாள், ஒரே ஷோரூம். ஆனாலும் ரெண்டு குணம். சித்தி சொன்ன பாதி உண்மை இதுதான்.

மீதிப் பாதி

இந்த 8.75-க்கும் 9.27-க்கும் மைலேஜில் எவ்வளவு வித்தியாசம் வரும்? இன்ஜினியரிங் படிப்பவர்கள் போடும் பாடப்புத்தகக் கணக்கின்படி, கிட்டத்தட்ட ஒன்றரை சதவிகிதம். அதாவது, 60 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டியில் சுமார் ஒரு கிலோமீட்டர்!

அப்போது சின்னவன் வண்டியின் மீதி 10 கிலோமீட்டர் எங்கே போனது? பிறவிக் குறை என்று சொல்லி அதை மூடிவிட முடியாது. கசிவு, கார்புரேட்டர் செட்டிங், உரசிக்கொண்டே ஓடும் பிரேக், காற்று குறைந்த டயர், ஓட்டுகிற கை... இப்படி ஏதோ ஒன்று, அல்லது எல்லாமும் சேர்ந்து.

இதில் கசிவைப் பற்றி வீட்டில் சமைப்பவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. குக்கரின் கேஸ்கெட் தளர்ந்தால் எவ்வளவு கேஸ் எரித்தாலும் விசில் வராது. இன்ஜினில் அந்த கேஸ்கெட் வேலையை மூன்று பேர் பார்க்கிறார்கள்: பிஸ்டன் ரிங், வால்வு, ஹெட் கேஸ்கெட். விசில் வராத குக்கருக்கு கேஸ்கெட்டைப் பார்க்காமல், புதுக் குக்கர் வாங்கச் சொன்னால் நாம் கேட்போமா? வண்டி விஷயத்தில் கேட்டுவிடுகிறோம். சின்னவனும் கேட்டான்.

பைபாஸில் நடந்தது

"கம்ப்ரஷனே இல்லப்பா. போர் போட்டுடலாம்" என்றார் ஒரு மெக்கானிக். கிக்கரைக் கையால் அமுக்கிப் பார்த்ததுதான் அவர் செய்த சோதனை. பிளாக்கை ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பி 0.50 ஓவர்சைஸுக்கு போர் போட்டு, புது பிஸ்டனும் ரிங்கும் மாட்டிக் கொடுத்தார். செலவு, சின்னவனின் ஒரு வார வருமானம்.

நான்காவது நாள் மதியம், கடும் வெயிலில், பைபாஸில் 60-ல் போய்க்கொண்டிருந்த வண்டி 'க்ரீச்' என்று கத்திவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் சுற்றாமல் இழுத்துக்கொண்டே போனது. கை தானாக கிளட்ச்சைப் பிடித்ததால் வண்டி உருண்டு ஓரத்துக்கு வந்தது. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. அவ்வளவுதான் அதிர்ஷ்டம்.

பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் முழுக்கக் கீறல். இந்த முறை வேறு ஒரு பட்டறைக்கு நானும் கூடப் போனேன். பெரியவர் ஒருத்தர். கீறல் படாத இடமாகப் பார்த்து பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்தார். போர் கேஜை விட்டு பிளாக்கை மூன்று உயரத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். பிறகு நிமிர்ந்து, "இடைவெளி நூறுல ஒரு மில்லிகூட இல்ல தம்பி. இவங்க பிஸ்டனை அளக்காமலே போர் போட்டிருக்காங்க" என்றார்.

இது ஏன் இவ்வளவு பெரிய தப்பு? சின்ன ஏர்-கூல்டு இன்ஜின்களில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் பொதுவாக 0.02 முதல் 0.04 மி.மீ. வாக்கில் இடைவெளி விடுவார்கள். பிஸ்டன் அலுமினியம். அது 100 டிகிரி சூடேறினால், 50 மி.மீ. விட்டத்தில் சுமார் 0.1 மி.மீ. பெருக்கும். சிலிண்டரின் இரும்பு லைனர் அதில் பாதியளவுதான் பெருக்கும். அதனால்தான் பிஸ்டனை மேலே சற்று சிறுத்தும், லேசான முட்டை வடிவத்திலும் செய்கிறார்கள். இவ்வளவு கவனமாகச் செய்த இடைவெளியை பட்டறையில் தின்றுவிட்டால், சூட்டில் பிஸ்டன் போய் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும்.

எதிர்ப்பக்கம் தப்பினாலும் நல்லதில்லை. இடைவெளி அதிகமானால் பிஸ்டன் ஆடும், 'டக டக' சத்தம் வரும், ஆயில் எரிந்து புகை கிளம்பும்.

பல கம்பெனிகள் தொழிற்சாலையிலேயே சிலிண்டரையும் பிஸ்டனையும் அளந்து A, B, C என்று பிரித்து, ஜோடி சேர்த்து மாட்டுவதும் இதனால்தான். பட்டறையில் அந்த ஜோடிப் பொருத்தத்தைப் பார்க்க வேண்டியவர் லேத்காரர். டப்பாவில் 0.50 என்று அச்சடித்திருப்பது சைஸின் பேர்தான். அளவு, உள்ளே இருக்கும் பிஸ்டனில் இருக்கிறது.

பெரியவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "பிஸ்டன் கைக்கு வராம பிளாக்கைத் தொட மாட்டேன்."

போர் போடச் சொன்னால்...

உங்கள் மெக்கானிக் அடுத்த முறை 'கம்ப்ரஷன் இல்லை' என்றால், கோபப்படாமல் இந்த நான்கு விஷயங்களைக் கேளுங்கள்.

1. "கேஜ் வெச்சுப் பார்த்தீங்களாண்ணே?" இன்ஜின் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன் கேஜை மாட்டி, இக்னிஷனை ஆஃப் செய்து, ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகி வைத்து, முள் ஏறுவது நிற்கும்வரை கிக் பண்ண வேண்டும். வந்த அளவை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட வேண்டும். ஊட்டியில் எடுத்த ரீடிங்கை சென்னை ரீடிங்கோடு ஒப்பிடாதீர்கள். மலையில் காற்றே அழுத்தம் குறைவு.

2. "ஆயில் விட்டுப் பார்த்தீங்களா?" பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி கேஜ் வைத்துப் பாருங்கள். ரீடிங் நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் சந்தேகம் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் மேல்.

3. "டேப்பட் கிளியரன்ஸ் செக் பண்ணீங்களா?" பல 100 சிசி வண்டிகளில் இது 0.1 மி.மீ.க்கும் குறைவு. இதை டைட்டாக வைத்துவிட்டால் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் ஓடிவிடும். சில நிமிட வேலையில் சரியாகிற விஷயத்துக்கு இன்ஜினையே பிரிக்க வேண்டாம்.

4. போர் போட்டே ஆகவேண்டும் என்றால், பிளாக்கோடு புது பிஸ்டனையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். எவ்வளவு இடைவெளி விட்டார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ட்யூனிங். கசிகிற இன்ஜினில் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருப்பது, ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் எடுத்த கதை. பிஎஸ்-6 ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டியும் இதற்கு விதிவிலக்கில்லை. கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைத் திருத்தும், ஓட்டையை அடைக்காது.

ஹெட்டை ராவி கம்ப்ரஷனை ஏற்றினால் பிக்-அப் எகிறும் என்று வீடியோ பார்த்துவிட்டுக் கிளம்பும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. அரை மி.மீ. ராவினால் நம் 9 என்பது 9.7 வரை போகலாம். கூடவே, ஹெட் கீழே இறங்குவதால் டைமிங் செயின் தளர்ந்து, வால்வு திறக்கும் நேரமும் தள்ளிப்போகும். 'கிண் கிண்' என்று நாக்கிங் வந்தால் அது பிஸ்டனின் அழுகை. ராவி எடுத்த உலோகத்தை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

சின்னவன் வண்டி இப்போது அடுத்த ஓவர்சைஸில், அளந்து போட்ட போரில், 58 கொடுக்கிறது. ஆனால், ஒரு கேள்வி மட்டும் அவனை விடவில்லை. "அண்ணே, முதல்லயே கேஜ் வெச்சுப் பார்த்திருந்தா இந்த போர் வேலையே தேவைப்பட்டிருக்குமா?"

பதில் என்னிடம் இல்லை. அந்தப் பதில், முதல் பட்டறையிலேயே தூளாகக் கொட்டிவிட்டது.

(அடுத்த வாரம்: புது பைக்கை முதல் 1,000 கிலோமீட்டர் எப்படி ஓட்டுவது? உங்கள் வீட்டில் 'ஒரே மாடல், வேற மைலேஜ்' பஞ்சாயத்து இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள்.)