மாதம் ஒரு மடல்: நூலகப் பாட்டியார்



சென்ற மாதம் இப்பகுதியில் விடுமுறைக் காலத்துப் பயணச்சீட்டு முன்பதிவு பற்றி எழுதியிருந்தோம். இம்மாதம் அத்தகைய செய்தி எழுத மனம் இசையவில்லை. கரக்பூரில் நம் சங்க நூலகத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேணி வந்த மூதாட்டியார் மறைந்துவிட்டார். தம் பெயரை அச்சில் காண அவர் ஒருநாளும் விரும்பியதில்லை. ஆண்டு மலரில்கூட ‘நூலகப் பொறுப்பாளர்’ என்று போட்டால் போதும் என்பார். அவ்விருப்பத்தை மதித்து இங்கும் பெயரைக் குறிப்பிடாது விடுகின்றோம். பெரியவர்களுக்கு அவர் ஆசிரியையம்மா. பிள்ளைகளுக்கு டீச்சர் பாட்டி. யாரென்று அனைவரும் அறிவர்.

அம்மையார் பிறந்தது இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்துச் சீர்காழியில். அறுபதுகளில் மணமாகி, இரயில்வேப் பணிமனையில் ஃபிட்டராக இருந்த கணவரோடு கரக்பூர் வந்து சேர்ந்தார். பழைய வங்காள நாகபுரி இரயில்வேயின் பணிமனையைச் சார்ந்து வளர்ந்த ஊர் இது. வங்காளியரும் தெலுங்கரும் இந்தி பேசுவோரும் ஒடியரும் தமிழரும் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ்களில் வாழ்கின்றனர். நாட்டின் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1951இல் இவ்வூரில்தான், ஹிஜ்லியின் பழைய தடுப்புக்காவல் முகாம் கட்டடத்தில், தொடங்கப்பெற்றது. இத்தகைய ஊரில் வளரும் தமிழ்க் குழந்தை கடைத்தெருவில் ஒரு மொழியும், பள்ளியில் இரு மொழிகளும், விளையாடும் இடத்தில் மற்றொன்றும் பேசுகிறது. தமிழோ அடுக்களை வாயிலைத் தாண்டுவதில்லை. பேச வரும், படிக்க வராது. இக்குறையைப் போக்குவதையே அம்மையார் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார்.

வாரநாட்களில் அவர் ஒரு தொடக்கப் பள்ளியில் கணக்கு கற்பித்தார். ஞாயிறு காலையில் சங்கக் கட்டடத்தில் தமிழ் வகுப்பு. கணக்கு ஆசிரியை ஆதலால் தமிழையும் கணக்காகவே தொடங்குவார். 247 எழுத்துகள் என்று கேட்டு மலைக்கும் பிள்ளையிடம், “கண்ணு, உயிர் 12, மெய் 18. பெருக்கிச் சொல்லு” என்பார். 216 என்று விடை வரும். அதனோடு அந்த முப்பதையும் ஆய்தம் ஒன்றையும் கூட்டினால் 247. “முப்பத்தொன்றைக் கற்றுக்கொள். மற்றவையெல்லாம் காலும் கொம்பும் சுழியும்தான்” என்று தைரியம் சொல்வார்.

இந்தியும் வங்காளமும் பயிலும் பிள்ளைகளுக்கு வேறொரு திகைப்பு உண்டு. அங்கே ககர வரிசையில் நான்கு வல்லோசைக்கும் நான்கு எழுத்துகள், இங்கே ஒன்றே. எந்த இடத்தில் எவ்வாறு ஒலிப்பது? அம்மையார் கரும்பலகையில் பக்கம், பங்கு, பகல் என்று மூன்று சொற்களை எழுதுவார். இரட்டித்தால் வன்மையாக ஒலிக்கும். மெல்லினத்தை அடுத்தால் அதிர்ந்து ஒலிக்கும். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே தளர்ந்து ஒலிக்கும். “எழுத்து மாறவில்லை, அதன் அண்டை வீடுதான் மாறியது” என்பார். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு இதைவிட எளிதாக விளக்க முடியுமோ? நாமும் அவ்வகுப்பில் பயின்றவர்களே. பத்தாம் வகுப்பு தேறி எழுத்தர் பணியில் அமர்ந்த நாம் இப்பகுதியைத் தமிழில் எழுதுவதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகளே காரணம்.

நூலகப் பொறுப்பு அவரிடம் வந்தது பின்னர்தான். இரண்டு இரும்பு அலமாரிகளும் ஒரு மேசையும் கொண்ட சிறிய அறை அது. அவ்வறையில் அவர் அடிக்கடி நினைவுகூர்ந்தது தம் ஊரில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதனாரை. சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். இலண்டன் சென்று நூலகக் கலை பயின்று திரும்பினார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். அவ்வாண்டிலேயே மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களில் மாட்டு வண்டியில் நூல்கள் வலம் வரத் தொடங்கின. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியதிலும் அவர் உழைப்பு பெரிது. “அவரும் கணக்கு வாத்தியார், நானும் கணக்கு வாத்தியார், அவர் பெரிய நூலகம், நான் இரண்டு பீரோ” என்று அம்மையார் நகைப்பதுண்டு.

அவ்விதிகளுள் ஒன்றின் கருத்து, எந்த நூலுக்கும் அதற்கென ஒரு வாசகர் எங்கோ இருக்கிறார் என்பது. பார்சல் அலுவலகத்தில் பணிபுரியும் நமக்கு இது நன்கு விளங்கும். முகவரி சரியாக இருந்தும் எடுப்பாரற்றுக் கிடக்கும் பெட்டி, நாள் ஏறஏறச் சுமையே ஆகும். அம்மையார் தம் அலமாரியில் ஒரு நூலையும் அவ்வாறு கிடக்க விட்டதில்லை. வாசகர் வரட்டும் என்று காத்திராமல், நூலைத் துணிப்பையில் இட்டு வீட்டுக்கே எடுத்துச் செல்வார். இயந்திரங்களைப் பிரித்துப் பார்க்கும் சிறுவனுக்கு அறிவியல் நூல். ஓய்வு பெற்றுத் திண்ணையில் தனித்திருந்த கார்டு ஒருவருக்குப் பயண நூல். தவணை கடந்து திருப்பும் பிள்ளைக்கு அபராதம் காசு அன்று. படித்த கதையை எல்லார் முன்னும் சொல்ல வேண்டும். கதை சொல்லும் ஆசையால் வேண்டுமென்றே தாமதித்த பிள்ளைகளும் இருந்தனர்!

மழைக்காலத்து ஈரத்தில் இராமபாணப் பூச்சி ஏறாதிருக்க, உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் அடுக்குகளில் வைப்பார். முதுகு கிழிந்த நூல்களுக்குத் தாமே கோந்து காய்ச்சித் துணி ஒட்டுவார்.

பள்ளி வாசல் மிதியாத ஒரு பெண்மணி, ஊரிலிருக்கும் தாய்க்குக் கடிதம் எழுதித் தரும்படி அவரிடம் வருவார். ஆறு மாதம் அம்மையார் எழுதிக் கொடுத்தார். அதன்பின் கடைசி வரியை மட்டும் எழுதாமல் விட்டு, “இதை நீயே எழுது” என்றார். அடுத்த மாதம் இரண்டு வரி, பின்னர் நான்கு. ஓராண்டில் கடிதம் முழுவதையும் அப்பெண்மணியே எழுதினார்.

தம் வீட்டில் மட்டும் அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. மகன் வேலையின் பொருட்டுப் புனே சென்றார். அங்கே வளர்ந்த பேத்திக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை. “ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கற்பித்தீர்களே, பேத்திக்கு?” என்று ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார். அம்மையார் விடை கூறவில்லை. அவ்வாரமே பேத்திக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். பெரிய எழுத்தில் நான்கே வரி. அதுமுதல் வாரம் ஒன்று தவறாமல் சென்றது. பேத்தி ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிப் பதில் அனுப்புவாள். பாட்டியோ தமிழ் எழுத்திலேயே மறுமொழி எழுதுவார். கண்டிப்பு ஒரு சொல்லும் இராது. காரியங்களுக்கு வந்திருந்த அப்பேத்தி, நூலகப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்து, யார் யார் எந்நூலைத் திருப்ப வேண்டும் என்பதைத் தடுமாறித் தடுமாறி, ஆனால் முழுமையாகப் படித்துக் காட்டினாள். அங்கிருந்தோர் எவரும் பேசவில்லை.

நிற்க. அவ்வறையைக் காலி செய்து விழாக்காலப் பாத்திரங்களை வைக்கலாம் என்றும், நூல்களைத் தமிழ்நாட்டு நூலகம் ஒன்றிற்கு அனுப்பிவிடலாம் என்றும் செயற்குழுவில் ஒரு கருத்து எழுந்துள்ளது. அவ்வாறு கருதுவோரும் தமிழ்ப் பற்றுடையவர்களே. நூல் பெறுவோர் குறைந்துவிட்டனர் என்பது உண்மை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பல நூல்களைக் கைப்பேசியிலேயே விலையின்றித் தருகின்றன என்பதும் உண்மை. இரவுப் பணியில் நாமும் அவற்றைப் படிக்கிறோம்.

ஆயினும் ஒன்று கேட்கிறோம். கடலளவு நூல்கள் கைப்பேசியில் இருப்பினும், இந்தப் பிள்ளைக்கு இந்த நூல் என்று எடுத்துக் கொடுப்பவர் யார்? பகலும் பங்கும் எவ்வாறு வேறுபடும் என்று அருகில் அமர்ந்து சொல்பவர் யார்? அம்மையார் காத்தது அலமாரியை மட்டும் அன்று. ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் ஒரு நூலின் முன் சேர்ந்து அமரும் வழக்கத்தை. நூல்களை இரயிலில் ஏற்றி அனுப்பிவிடலாம். அவ்வழக்கத்தை அனுப்ப இயலாது. இங்கே நின்றால் நின்றதுதான்.

அவரைப் போல ஒருவரே முப்பது ஆண்டு சுமக்க வேண்டும் என்று எவரையும் வற்புறுத்த முடியாது. அவர் வழியிலேயே ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 52 ஞாயிறு. 26 குடும்பங்கள் முன்வந்தால், குடும்பம் ஒன்றுக்கு ஆண்டில் இரண்டே ஞாயிறு. அதுவும் காலை இரண்டு மணி நேரம். அறையைத் திறந்து, பேரேட்டில் பதிந்து, வரும் பிள்ளையோடு ஒரு பக்கம் படித்தால் போதும். தமிழ்ப் புலமை வேண்டா. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் சாலும்.

திறவுகோல் செயலாளரிடம் உள்ளது. பெயர் எழுதுவதற்கான தாளும் அவரிடமே உள்ளது. அடுத்த செயற்குழுக் கூட்டத்திற்கு முன் அத்தாள் நிரம்பினால், அறையைப் பற்றிய பேச்சுக்கே இடமிராது. முதல் இரண்டு ஞாயிறுகளை நம் வீட்டார் ஏற்றுக்கொண்டோம். எஞ்சியவை ஐம்பது.