பூஜைக்கு முன்னால கிராண்டைப் பாருங்க

கொஞ்சம் நீளமான பதிவு. மோட்டார் ஓட்டுற பிள்ளைங்க வீட்டில் இருந்தா தயவுசெய்து முழுசா படிங்க.

ஆயுத பூஜை வந்தா பிரிக்ஃபீல்ட்ஸ் ஆகட்டும், கிள்ளான் ஆகட்டும், கோயில் வாசலில் வண்டிங்க வரிசை கட்டி நிக்கும். மாலை, சந்தனம், குங்குமம், டயருக்கு அடியில எலுமிச்சம்பழம். தொண்டு செய்றவங்களுக்கு அதைப் பார்க்கிறதே சந்தோஷம். அந்த வரிசையில வெளிநாட்டில் ஓடி இங்கே வந்த பழைய மோட்டார்களும் நிக்குது. "ஜப்பான் ரீகோன்" என்பாங்க, "தாய்லாந்து பாடி" என்பாங்க. பிள்ளைங்க முகத்தில் அவ்வளவு பெருமை. ஆனா "கிராண்ட் யார் பேர்ல தம்பி?"ன்னு கேட்டா சில பேர் பதில் சொல்லாம சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்புதான் கவலையா இருக்கு.

வெளிநாட்டு மோட்டார் வாங்குறது தப்புன்னு நான் சொல்ல வரல. முறையா வந்தது நல்ல வண்டியாவும் இருக்கும். ஆனா அது நம்ம நாட்டுக்குள்ள வர ரெண்டு வழி இருக்கு. முன்வாசல் வழியா வந்தா மிட்டி அமைச்சு கொடுக்கிற ஏபி இருக்கும், சுங்கத்தில் கே1 பாரம் போட்டு வரி கட்டியிருப்பாங்க, பரிசோதனை முடிஞ்சு ஜேபிஜே பதிவு செஞ்சு கிராண்ட் கொடுத்திருக்கும். பின்வாசல் வழியா, கிளந்தான் பக்கம் சுங்கை கோலோக் மாதிரி எல்லையில நழுவி வந்தா இதில் ஒண்ணுமே இருக்காது. விலை பாதியா இருக்கிறதுக்கு அதுதான் காரணம். தவ்கேக்கு உங்க மேல பாசம்னு நினைச்சுக்காதீங்க.

அதைவிட மோசம் குளோன் வண்டி. விபத்தில் நொறுங்கிப்போன ஒரு மோட்டாரோட கிராண்டை வச்சுக்கிட்டு, அதோட எண்ணை இன்னொரு வண்டியில அடிச்சிடுவாங்க. கையில கிராண்ட் இருக்கும், ஆனா வண்டி அந்த வண்டி இல்லை.

"எல்லாரும்தானே ஓட்டுறாங்க"ன்னு பசங்க சொல்வாங்க. ரோட்பிளாக்ல வண்டியைப் பறிகொடுத்தா காசு போச்சு, அவ்வளவுதான்னு நினைக்கிறாங்க. விஷயம் அதோட நிக்காது. வரி கட்டாத சரக்குன்னு தெரிஞ்சே வச்சிருந்தா 1967 சுங்கச் சட்டப்படி குற்றம். கடத்தினவன் மட்டுமில்ல, வச்சிருக்கிறவனும் மாட்டுவான். பதிவு இல்லாத வண்டிக்கு ரோட்டெக்ஸ் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாம சாலையில ஓட்டவே கூடாதுன்னு 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்லுது. ஃபெடரல் ஹைவேல வேலை முடிஞ்சு வர்ற ஒருத்தர் மேல அந்த வண்டி மோதினா, அவர் குடும்பம் நஷ்டஈட்டுக்கு எங்கே போய் நிக்கும்? அதுவும் நம்மள மாதிரி ஒரு குடும்பம்தானே.

இன்னொண்ணு, லைசென்ஸ். ஜப்பானில் சாதாரண மோட்டார் லைசென்ஸ் 400 சிசி வரைக்கும் செல்லும். அதனாலதான் ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர் மாதிரி 400 சிசி வண்டிங்க அங்கே அவ்வளவு பிரபலம். நம்ம பசங்க கையில இருக்கிற பி2 லைசென்ஸ் 250 சிசி வரைக்கும்தான். அதுக்கு மேல ஓட்ட அதுக்கேத்த லைசென்ஸ் வேணும். கிராண்ட் சுத்தமா இருந்தும் பி2 வச்சுக்கிட்டு 400 ஓட்டினா, விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க நாமே வழி காட்டின மாதிரி ஆயிடும்.

காசு கொடுக்கிறதுக்கு முன்னால இதையெல்லாம் பாருங்க:

ஹேண்டில் கழுத்தில் சேசிஸ் எண், எஞ்சின் பெட்டியில எஞ்சின் எண் அடிச்சிருக்கும். ரெண்டும் கிராண்டில் இருக்கிறதோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப்போகணும். எண்ணைச் சுத்தி கிரைண்டர் தடமோ புதுப் பெயிண்டோ இருந்தா எழுந்து வந்துடுங்க.

ஜப்பான் உள்நாட்டு வண்டியில 17 எழுத்து சேசிஸ் எண் இருக்காது. ஹோண்டா என்எஸ்ஆர்250ஆர்னா எம்சி21, எம்சி28 மாதிரி ஆரம்பிச்சு சின்னதா இருக்கும். அதுக்குப் பயப்பட வேண்டாம். கிராண்டிலும் அதே எண் இருக்கணும், அதுதான் முக்கியம்.

தயாரிச்ச வருஷமும் இங்கே பதிவான வருஷமும் வேற வேறயா இருக்கலாம். பதிவு தேதியை மட்டும் பார்த்து புது வண்டின்னு ஏமாறாதீங்க.

அமெரிக்க வண்டின்னா மீட்டர் மைல் கணக்கில் இருக்கும். அமெரிக்கா, ஐரோப்பா மாதிரி வலப்பக்கம் ஓட்டுற நாட்டு ஹெட்லைட் இங்கே எதிரே வர்றவங்க கண்ணைக் கூச வைக்கும். ஜப்பானும் தாய்லாந்தும் நம்மள மாதிரி இடப்பக்கம்தான்.

ஸ்பேர் பாட்ஸ் கிடைக்குமான்னு நீங்க நம்புற ஒரு போமன்கிட்ட கேளுங்க. விக்கிறவரோட போமன்கிட்ட கேட்காதீங்க.

கடைசியா, பெயர் மாத்திக்கொடுக்க இழுத்தடிச்சா வேண்டாம். "சம்போங் பாயார், மாசாமாசம் கட்டிட்டு வா, பெயர் அப்புறம் மாத்தலாம்"னு சொன்னா கண்டிப்பா வேண்டாம்.

இப்போ என் கருத்து. இந்த வருஷ ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு கோயிலிலும் வாகன பூஜை வரிசைப் பக்கத்தில ஒரு மேசை போடுவோம். விவரம் தெரிஞ்ச ரெண்டு தொண்டர்கள் உட்காரட்டும். விரும்புறவங்க கிராண்ட், லைசென்ஸ், ரோட்டெக்ஸ் கொண்டுவந்து காட்டி சரிபார்த்துக்கலாம். புதுசா வாங்கப் போறவங்க வந்து கேட்டுட்டுப் போகலாம்.

"கோயில் என்ன ஜேபிஜேயா?"ன்னு சில பெரியவங்க கேட்பாங்க. நியாயமான கேள்விதான். யாரையும் திருப்பி அனுப்பச் சொல்லல, பூஜை எல்லாருக்கும் உண்டு. கோயில் மண்டபத்தில் ரத்த தானம் நடத்துறோம், பிள்ளைங்களுக்கு டியூஷன் வைக்கிறோம். இதுவும் அந்த மாதிரி ஒரு தொண்டுதான். போலீஸ்கிட்ட போகத் தயங்குற பையன் கோயில் அண்ணன்கிட்ட மனசு விட்டுப் பேசுவான்.

போய்ச் சேர்ற இடத்துக்குப் பத்திரமா போகணும்னுதான் டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அந்த வேண்டுதலில் பாதி சாமி பார்த்துக்கும். மீதிப் பாதி நம்ம கையில, அந்தக் கிராண்டில இருக்கு.

உங்க கோயில் நிர்வாகத்துக்கிட்ட பேசுங்க. மோட்டார் வாங்கப் போற தம்பிங்களுக்கு இதை அனுப்பி வைங்க.