கிருமிக்கு ஏது பாஸ்போர்ட்?

எங்க அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பாஸ்போர்ட் இருந்தது. சவூதி அரேபியாவில் ஒன்பது வருஷம் கட்டிட வேலையில் கம்பி கட்டினார். அந்தக் காசில்தான் எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் பள்ளிக்கூடம் முடிக்கும் அளவுக்கு வந்தேன்.

2021 பொங்கலுக்குச் சிறப்பு விமானத்தில் லீவில் வந்தார். பிப்ரவரி 3ஆம் தேதி, கொரோனாவைக் காரணம் காட்டி, இந்தியா உட்பட 20 நாடுகளிலிருந்து யாரும் நேரே வரக்கூடாது என்று சவூதி கதவைச் சாத்தியது. சொந்தக் குடிமக்கள், தூதரக அதிகாரிகள், மருத்துவப் பணியாளர்கள், இவர்களுக்கு மட்டும் விலக்கு. கம்பி கட்டுகிறவர் இதில் எங்கே வருவார்?

சாத்திய கதவிலும் ஒரு சந்து இருந்தது. தடை இல்லாத வேறொரு நாட்டில் 14 நாள் தங்கிவிட்டுப் போகலாம். நேபாளம், மாலத்தீவு என்று எத்தனையோ தொழிலாளிகள் போய்க் கிடந்தார்கள். ஏப்ரல் கடைசியில் நேபாளமும் அந்த வழியை அடைத்தது. ஊர் ஏஜெண்ட் டிக்கெட், ஓட்டல், டெஸ்ட் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் கேட்டார். அம்மா தோட்டையும் செயினையும் கழற்றி வைத்துக் கணக்குப் பார்த்தாங்க. பாதிகூடத் தேறவில்லை. கந்து வட்டிக்கு வாங்க அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

நான் கேட்பது இதுதான். அந்த 14 நாளை ரியாத்திலேயே ஒரு ரூமில் வைத்துக் கழித்தால் கிருமி சாகாதா? மாலத்தீவு ஓட்டலில் காசு கட்டிக் கழித்தால்தான் சாகுமா?

பயப்பட்டதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசையாக நின்றதை நாமே பார்த்தோம். நியூசிலாந்து 2020 மார்ச்சிலேயே எல்லையை மூடித் தன் மக்களைக் காப்பாற்றிக்கொண்டது. மூடலாம். மூடுவதற்கு ஆகும் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் கேள்வி.

அடுத்து ஊசி. எங்க ஊர் சுகாதார நிலையத்தில் அன்றைக்கு எது வந்ததோ அதைப் போடுவாங்க. அப்பாவுக்குக் கிடைத்தது கோவாக்சின். சவூதி அப்போது ஏற்றுக்கொண்ட பட்டியலில் அது கிடையாது. உலக சுகாதார நிறுவனம் அதை அங்கீகரித்தது 2021 நவம்பர் 3ஆம் தேதி. டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் நேரே வரலாம், போய் இறங்கி 5 நாள் தனிமையில் இருந்தால் போதும் என்று சவூதியும் சொல்லிவிட்டது. அப்பா வேலைக்கு அதற்குள் வேறு ஆள் வந்தாச்சு. இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

கோவிஷீல்டு போட்டவங்க மட்டும் தப்பித்தார்களா? புனேயில் தயாரான அதே ஊசியில் 50 லட்சம் வாங்கித் தன் மக்களுக்குப் போட்ட பிரிட்டன், 2021 செப்டம்பரில் இந்தியாவில் இரண்டு ஊசி போட்டவரும் போடாதவர் கணக்கு, பத்து நாள் தனிமை என்றது! நம் அரசு அக்டோபர் 4 முதல் பிரிட்டிஷ்காரர்களுக்கும் அதே பத்து நாளை விதித்தது. 11ஆம் தேதி அவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் ஊசி மாறிவிட்டதா என்ன? மாறியது அரசியல்.

தென்னாப்பிரிக்கா கதை இன்னும் மோசம். அந்த நாட்டு விஞ்ஞானிகள் ஒமிக்ரானைக் கண்டுபிடித்து, 2021 நவம்பர் 24ஆம் தேதி ஒளிக்காமல் சொன்னார்கள். இரண்டே நாளில் பல பணக்கார நாடுகள் அவர்களுக்குக் கதவைச் சாத்தின. நெதர்லாந்தில் 19ஆம் தேதி எடுத்த மாதிரியிலேயே அது இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த முறை எந்த நாடு வாயைத் திறக்கும்?

விதி இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார விதிகளில் 43ஆம் பிரிவு, தேவைக்கு மேல் போக்குவரத்தைத் தடுக்காதே, தடுத்தால் அறிவியல் காரணத்தைச் சொல் என்கிறது. மீறினால் தண்டனை இல்லை. அதனால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இந்த மலரைப் படிக்கிற நம்மில் பாதிப் பேர் டிப்ளமோ முடித்ததும் கல்ஃப் கனவில்தான் இருக்கிறோம். சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோம். லீவில் வந்திருக்கும்போது எல்லையை மூடினால் வேலை இருக்குமா, மூன்றாம் நாட்டில் தங்கும் செலவை யார் கட்டுவது, இதையும் கையெழுத்துப் போடும் முன்னாடி கேளுங்கள். பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எங்க அப்பா வாங்கவில்லை. படிக்கத் தெரியாதவர் என்பதால் மட்டுமல்ல, அப்படி ஒன்று கேட்கலாம் என்றே அவருக்கு யாரும் சொல்லவில்லை.