வளைந்து நிற்கும் பேரியம்

பேரியம் ஃபுளோரைடு மூலக்கூறு நேர்கோடாக இருக்க வேண்டும் என்று வகுப்பறை விதி சொல்கிறது. நடு அணுவில் தனித்த எலக்ட்ரான் இணை இல்லை, ஆகவே இரு ஃபுளோரின்களும் எதிரெதிர்ப் பக்கம். பேரியம் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. 1963இல் ஹார்வர்டில் வில்லியம் கிளெம்பரர் குழு, பேரியம் ஃபுளோரைடின் ஆவிக்கற்றையை மின்புலத்தில் செலுத்தி, அது முனைவுள்ள, வளைந்த மூலக்கூறு என்று காட்டியது. 1969இல் இன்னொரு குழு வேறு வழியில் சோதித்தது: உப்பை ஆவியாக்கி, ஏராளமான கிரிப்டானோடு கடுங்குளிர்ப் பரப்பில் உறையவைப்பது. பெர்க்லியில் ஜார்ஜ் பிமென்டல் 1954இல் தொடங்கிவைத்த முறை இது. பனிக்கட்டிக்குள் சிக்கிய பூச்சிபோல ஒவ்வொரு மூலக்கூறும் தனித்து நிற்கும். நேர்கோட்டு மூலக்கூறின் சமச்சீர் நீட்சி அதிர்வு அகச்சிவப்பு நிறமாலையில் தெரியாது, வளைந்ததில் தெரியும். தெரிந்தது. அதே சோதனையில் கிடைத்த பிணைப்புக் கோணம் கால்சியம் ஃபுளோரைடுக்கு ஏறத்தாழ 140 பாகை, பேரியம் ஃபுளோரைடுக்கு 100 பாகை அளவில். கிரிப்டான் கூண்டே நெருக்கி வளைத்திருக்கலாமே என்ற ஐயம் நியாயமானதுதான் (மந்த வாயு அவ்வளவு மந்தமல்ல). ஆனால் ஆவிக்கற்றைச் சோதனையில் கூண்டே கிடையாதே! விதியை அச்சிடும் பாடநூல் இந்த வளைவையும் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும். அடிக்குறிப்புக்குத் தள்ளக் கூடாது.