முள் உதறினால் மெஷின் போச்சா?

சென்ற மாதம் அப்பாவின் வாட்சை ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். 1950-களில் வாங்கிய சுவிஸ் வாட்ச். தினமும் சாவி கொடுக்க வேண்டும். கண்ணாடி மாற்றத்தான் போனேன். கடைத் தம்பி விநாடி முள்ளைப் பார்த்துவிட்டு, "சார், முள்ளு உதறுது. மெஷின் போச்சு. பேட்டரி மெஷின் போட்டுக் கொடுத்துடறேன்" என்றார். பின்மூடியைத் திறக்கக்கூட இல்லை.

நம் வயதுக்காரர்கள் எத்தனை பேர் இந்தப் பேச்சைக் கேட்டு நல்ல வாட்சைப் பறிகொடுத்திருப்பார்கள்! அதனால்தான் எழுதுகிறேன்.

பேலன்ஸ் சக்கரம் உள்ள சாதாரண சாவி வாட்சில் விநாடி முள் வழுக்கிக்கொண்டு போவதில்லை. பழைய வாட்சுகள் பலவற்றில் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 முறை அடிக்கும். அதாவது விநாடிக்கு ஐந்து. முள்ளும் ஐந்து குட்டி அடியாக நகரும். இப்போதைய வாட்சுகள் பலவற்றில் 28,800, விநாடிக்கு எட்டு அடி. அதனால் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அப்பா வாட்ச் விஷயம் வேறு. அந்தக் காலத்தில் விநாடி முள் பெரும்பாலும் ஆறு மணிப் பக்கம் சின்ன வட்டத்துக்குள் இருக்கும். அதை நடுவுக்குக் கொண்டுவர, பல வாட்சுகளில் தனியாக ஒரு சக்கரத்தைச் சேர்த்தார்கள். ஸ்பிரிங்கின் விசை போகும் பாதையில் நடு முள் இல்லை. ஓரமாகத் தொற்றிக்கொண்டு போகிறது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் அது ஆடும். ஆடாமலிருக்க மெல்லிய தகடு ஒன்று லேசாக அழுத்திக்கொண்டிருக்கும். அது தளர்ந்தால் முள் உதறும். நேரம் தப்பாது. தகட்டை அதிகமாக இறுக்கினால்தான் பேலன்ஸின் வீச்சு குறையும்.

ஸ்டாப் வாட்ச் வைத்த கைக்கடிகாரத்திலும் இதே கதை. பொத்தானை அழுத்தியதும் ஓடுகிற சக்கரத்தோடு நிற்கிற சக்கரம் போய்ச் சேர வேண்டும். பல்லின்மேல் பல் விழுந்தால் முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டுத்தான் கிளம்பும். செங்குத்துக் கிளட்ச் வைத்தவற்றில் இந்தத் துள்ளல் இல்லை.

இன்னொரு மூடநம்பிக்கையும் உண்டு: விநாடிக்கு ஒரு தாவல் என்றால் பேட்டரி வாட்சாம். ரோலக்ஸ் 1950-களிலேயே ட்ரூ-பீட் என்று ஒன்று செய்தது. முழுக்க ஸ்பிரிங்கில் ஓடுவது; முள் மட்டும் விநாடிக்கு ஒருமுறை தாவும். அதற்கென்று உள்ளே கூடுதல் பாகங்கள். இந்தத் தம்பி கையில் கிடைத்தால், ஏற்கெனவே பேட்டரிதானே என்று அதையும் கழற்றியிருப்பார்.

பிறகு வேறொரு பெரியவரிடம் போனேன். திறந்தார், கழுவி எண்ணெய் போட்டார், அந்தத் தகட்டை இம்மியளவு வளைத்தார். உதறல் நின்றது.

கடைக்காரர் மெஷினை மாற்றச் சொன்னால், கழற்றிய பழைய மெஷினைக் கையில் கொடுப்பாயா என்று கேளுங்கள். நான் கேட்டேன். தம்பி வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.