கூலியில்லாக் கைகள்: கல்முனைக் கரையை முன்வைத்து ஒரு கண்டனம்

2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோள் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் மட்டும் 10,000இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. இலங்கையின் வேறெந்த மாவட்டமும் அத்துணை உயிர்களை இழக்கவில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என ஊருக்கும் ஊருக்குமிடையே எல்லை புலப்படாவண்ணம் நெருங்கிக் கிடந்த குடியிருப்புகளின் கடல்முகம் ஒரு காலைப்பொழுதில் இல்லாதொழிந்தது. பிணங்களைத் தேடியெடுத்தவரும், அடக்கஞ்செய்தவரும், தப்பியோருக்கு முதற்சோறு ஆக்கியவரும் அயலவரே. பள்ளிவாசல்களும் கோயில்களும் பாடசாலைகளுமே முதல் முகாம்களாயின. உலகம் பின்னரே வந்தது. அவ்வாறு வந்த உலகின் ஒரு கூறாக, மேலைநாட்டுத் திருச்சபைகள் சில அனுப்பிய தொண்டர் குழுக்களும் இலங்கைக் கரைகளில் வந்திறங்கின. இரு வாரம், மிஞ்சினால் ஒரு மாதம், பகலில் மண் அள்ளுதல், கல் சுமத்தல், சுவருக்கு வர்ணம் பூசுதல், மாலையில் ஜெபம். இவ்வகைத் தொண்டே ஈண்டுக் கண்டனத்துக்குரியதாகின்றது.

தொண்டரின் நல்லெண்ணத்தை ஐயுறுவதற்கில்லை. விடுமுறையைத் தியாகஞ்செய்து, சொந்தப் பணத்திலோ சபையார் திரட்டிய பணத்திலோ வந்த இளைஞர் அவர்கள். வினா வேறானது: அவர்கள் கொணர்ந்தது யாது? அது அக்கரைக்கு வேண்டியிருந்ததா?

மீள்கட்டுமானம் தொடங்கியபோது தட்டுப்பாடாயிருந்தவர் மேசன்மாரும் தச்சருமே. தீவெங்கும் ஒரே காலத்தில் வீடுகள் எழவேண்டியிருந்தமையால் அவர்தம் கூலியும் சீமெந்தின் விலையும் ஏறின. கடல் கடந்து வந்தவையோ பழக்கமற்ற கைகள். தூக்குக்குண்டு பிடிக்கத் தெரியாத ஒருவர் செய்யக்கூடியது மேசனின் உதவியாளது வேலை மட்டுமே. அவ்வேலைக்கு ஆளில்லையா? வள்ளமும் வலையும் இழந்த கடற்றொழிலாளியும், தறி இழந்த மருதமுனை நெசவாளியும் முகாம் வாசலில் வேலையின்றிக் குந்தியிருந்த காலமது. ஒரு தொண்டரின் விமானச் சீட்டுக்குச் செலவான பணம் அத்தகைய ஒருவருக்கு மாதக்கணக்கான கூலியாகும். உழைத்தவனுக்குத் தாமதமின்றிக் கூலி கொடுத்தல் கடன் என்பதை நபிமொழியாகக் கேட்டு வளர்ந்த ஊர்களிலே, கூலியே பெறாத கை ஒன்று உழைப்பாளியின் இடத்திற் போய் நிற்பதை அறம் எனக் கொள்ளுதல் எளிதன்று.

இது பணக்கணக்கு மட்டுமே எனின் மன்னித்துவிடலாம். அறியாமையோடு சேர்ந்த உழைப்பு கேட்டையே விளைத்த இடமும் உண்டு. கிணறுகளை நோக்குக. கிழக்குக் கரையோர மணலில் நன்னீர் என்பது உவர்நீரின் மீது மிதக்கும் ஒரு மெல்லிய படை. ஆண்டுதோறும் மாரிமழை ஊறி அதனைப் பேணுகின்றது. கடல் ஏறிய அன்று அக்கிணறுகள் உப்பாலும் சேற்றாலும் நிறைந்தன. இறைத்துவிட்டால் நன்னீர் ஊறும் என்பது எவருக்கும் தோன்றக்கூடிய எண்ணமே. தேசிய, சர்வதேசத் தாபனங்கள் பலவும் அவற்றோடு வந்தோரும் இயந்திரம் வைத்து இறைத்தனர். ஒரே கிணற்றை வெவ்வேறு குழுக்கள் மீண்டும் மீண்டும் இறைத்தன. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தின் ஆய்வாளர் 2005இல் கிழக்குக் கரைக் கிணறுகளின் உப்பை அளந்து கூறியது யாதெனில், மிகுதியாக இறைத்தலாற் பயனில்லை என்பதும், அடியிலுள்ள உவர் மேலெழுந்து நன்னீர்ப்படை குலைய அது இடந்தரும் என்பதும், மழையே நிலத்தடி உப்பைக் கழுவும் என்பதுமாகும். கிணற்றை எவ்வளவு இறைக்கலாம், எப்போது நிறுத்தவேண்டும் என்பது அம்மணலில் வாழ்ந்தோர் கைப்பழக்கமாய் அறிந்தது. அதனைக் கேட்பதற்கு மொழி வேண்டும். மொழி கற்பதற்குக் காலம் வேண்டும். இரு வாரத்தில் இரண்டும் இல்லை.

வீடுகள் எழாமைக்கும் கைப்பஞ்சம் காரணமன்று. கிழக்கிலும் வடக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் எனக் கட்டடத் தடை வலயம் முதலில் விதிக்கப்பட்டது. கடலுக்கும் வயலுக்குமிடையே ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி வாழும் சாய்ந்தமருது போன்ற ஊருக்கு 200 மீற்றர் என்பது ஊரின் பெரும்பங்கு. மாற்று நிலமோ அரசியலின் பிடியில் இருந்தது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் எழுந்த 500 வீடுகளின் கதை அதற்குச் சான்று. சுவரும் கூரையும் முடிந்த வீடுகள்! எவ்வினத்தாருக்கு எத்தனை என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, ஒரு தசாப்தத்துக்கும் மேலாக அவை ஆளின்றிப் பாழடைந்தன. எத்தனை தொண்டர் கல் சுமந்தாலும் அக்கதவுகள் திறந்திரா.

கிறித்தவத் தொண்டர் கடல் கடந்து வருதல் இப்பிரதேசத்துக்குப் புதிதன்று என வாதிடுவோர் உளர். உண்மையே, ஆயின் அவ்வரலாறு அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றது. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் ஓராண்டு நிறையுமுன் அங்கேயே மாண்டார். யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், இடையே தாயகம் சென்றிருந்த சில ஆண்டுகள் நீங்கலாக 1873 வரை தங்கி, தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிலே பயின்ற காரைதீவுச் சிறுவனே பின்னாளில் விபுலானந்த அடிகளாகி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். மிசனரிமார் மதம் மாற்றவே வந்தனர். ஏகாதிபத்தியத்தின் நிழலில் வந்தனர். அதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் அவர்கள் மொழி கற்றனர்; தங்கினர்; மறுத்துரைப்போர்க்கு முகங்கொடுத்தனர். இன்றைய இருவாரத் தொண்டரிடம் பழைய நோக்கம் இருக்கக்கூடும். பழைய உழைப்பு இல்லை.

நோக்கம் பற்றியும் ஒரு சொல். பெரும்பான்மையோர் முஸ்லிம்களாயுள்ள ஊரில், வீடிழந்தவன் முன் கல் சுமந்துவிட்டு, மாலையில் அவனை ஜெபத்துக்கு அழைத்தால் அவன் என் செய்வான்? கைம்மாறு செய்யவியலாதவன் மரியாதைக்காகவேனும் தலையசைப்பான். அத்தலையசைப்பு ஊர் திரும்பியபின் சபையாருக்குச் சாட்சியமாகிவிடும். இதன் விலையைச் செலுத்துவோர் வந்துபோனவர் அல்லர். தலைமுறை தலைமுறையாகக் கல்முனையில் வாழும் மெதடிஸ்த, கத்தோலிக்கத் தமிழரே. பலவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம் கடற்கோளுக்கு முன்பே, 2004இல், பாராளுமன்றத்துக்கு வந்திருந்தது. அதன் பிரிவுகள் சில அரசியலமைப்புக்கு முரணானவை என உயர் நீதிமன்றம் அவ்வாண்டே தீர்மானித்தது. அச்சட்டத்தை வேண்டி நின்றோர்க்கு வேறெவரும் தரவியலாத வாதத்தை இத்தொண்டர் கையளித்தனர்.

எதிர்வாதங்களில் வலியது ஒன்றுண்டு. உடலுழைப்பு கற்றோரின் செருக்கை அழிக்கும். அந்நியரைத் தோழராக்கும் என்பதே அது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் பியர் செரசோல் 1934இல் பீகார் நிலநடுக்கத்தின்பின் அங்கு வந்து, வெள்ளத்துக்கு எட்டாத மேட்டில் ஊர்களைக் கட்டும் பணியில் மண் சுமந்தார். கிறித்தவ நம்பிக்கை மிக்கவராயினும் மதம் பரப்ப அவர் வரவில்லை. ஒரு பருவத்தோடு நில்லாது மீண்டும் வந்தார்; ராஜேந்திர பிரசாத் முன்னின்று நடத்திய நிவாரணப் பணியோடு இணைந்து உழைத்தார். இலங்கையில் 1958இல் ஏ. ரி. ஆரியரத்ன மாணவரை அழைத்துச் சென்று கனத்தொலுவவில் தொடங்கிய சிரமதானமும் ஒதுக்கப்பட்ட மக்களோடு சேர்ந்து செய்த வேலையாகும். இவ்விரண்டிலும் பணியின் உடைமை ஊராரிடமே இருந்தது. (நிழற்படத்துக்காக ஒருநாட் சிரமதானஞ் செய்து மாலையிற் பேருந்தேறும் நம் பல்கலைக்கழகச் சங்கங்கள் இவ்விடத்தில் மேலைநாட்டாரை ஏளனஞ் செய்ய உரிமையற்றவை.) செருக்கழிதலே நோக்கமெனின், அதற்குரிய மண் அவரவர் ஊரிலேயே உண்டு.

கல்முனையிலிருந்தும் கைகள் கடல் கடக்கின்றன. எண்ணெய் வளம் பெருகிய 1970கள் முதல் வளைகுடா நாடுகளின் சுவர்களை எழுப்புவோரில் கிழக்கிலங்கையரும் உளர். அவர்கள் கடன்பட்டு முகவருக்குப் பணங்கட்டிச் செல்கின்றனர். அவர்தம் கல் சுமத்தலை எவரும் தொண்டென்பதில்லை. கடற்கோள் நிகழ்ந்து எட்டு மாதத்தில், 2005 ஆகஸ்டில், கத்ரீனா சூறாவளி நியூ ஓர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. சாய்ந்தமருதிலிருந்து மேசன் ஒருவர், தம் ஊருக்கு வந்த உதவிக்கு நன்றியாக, இரு வாரம் அங்கு கூலியின்றிச் சுவர் கட்டித் தருவேன் எனக் கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் விண்ணப்பித்திருந்தால்? தூக்குக்குண்டு பிடிக்கத் தெரிந்த கை அது. வங்கிக் கணக்கு எங்கே, காணியுறுதி எங்கே, திரும்பி வருவாய் என்பதற்கு உத்தரவாதம் எங்கே என்றே அவரிடம் வினவியிருப்பர்.